மதுரைக் கால்

மதுரை என்றதும் மல்லிகை, சுங்குடி, ஜிகர்தண்டா என்று அடுக்குவோம். நம் ஊர்ப் பெயரில் இன்னொன்றும் இருக்கிறது. அதைப் பற்றி நாம் பேசுவதில்லை. உலகின் எந்த மூலையில் மருத்துவம் படிக்கிறவரும் தேர்வுக்காக ஒரு முறையாவது 'மதுரா ஃபுட்' என்று மனப்பாடம் செய்திருப்பார். மதுரைக் கால். அது ஒரு நோயின் பெயர்.

33 ஆண்டுகள் பள்ளியில் உயிரியல் நடத்தியவன் நான். ராபர்ட் கோக்கின் விதிகளைக் கரும்பலகையில் எத்தனை முறை எழுதிப் போட்டிருப்பேன் என்று கணக்கில்லை. ஐந்து மதிப்பெண் கேள்வி, விட்டுவிடாதீர்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லுவேன். அந்த விதிகளுக்கும் என் தாய்மாமாவின் காலுக்கும் தொடர்பு உண்டு என்பது ஓய்வு பெற்ற பிறகுதான் எனக்கு உறைத்தது. கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது வாசியுங்கள்.

மாமா கரிசல்காட்டு விவசாயி. செருப்புப் போட்டுக்கொண்டு காட்டில் இறங்குகிற வழக்கம் அப்போது கிடையாது. முள் தைத்தால் பிடுங்கி எறிந்துவிட்டு வேலையைப் பார்ப்பார். ஒரு நாள் பாதத்தில் சின்னதாக ஒரு கட்டி வந்தது. வலி இல்லை. வலி இல்லாததால் யாரும் கண்டுகொள்ளவில்லை. மெல்ல மெல்லப் பாதம் வீங்கி, மேலெல்லாம் சிறு துளைகள் விழுந்து, சீழோடு வெள்ளை வெள்ளையாகக் குருணையும் வரத் தொடங்கியது. காலைக் கழுவிவிடும் என் பாட்டி, "இவன் காலுக்குள்ள யாரோ கசகசாவக் கொட்டி வச்ச மாதிரி இருக்கு" என்பார். ஊரில் யானைக்கால் என்றார்கள். காட்டப்போன இடத்திலும் முதலில் அப்படித்தான் நினைத்தார்கள். ஆறேழு வருடம் ஓடியது. 1978ல் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அந்தக் கசகசா என்னவென்று நுண்ணோக்கியில் வைத்து யாரும் பார்த்ததாக எங்கள் வீட்டில் ஒருவருக்கும் நினைவில்லை.

இந்த நோயின் வரலாறு முழுவதும் அந்தக் குருணைக்குள்தான் இருக்கிறது.

1842ல் மதுரையில் இருந்த மருத்துவ நிலையத்தில் பணியாற்றிய கில் என்ற ஆங்கிலேய மருத்துவர், பாதம் உருக்குலைந்து துளைதுளையாகிப் போகிற இந்த நோயைத் தனி நோயாக அடையாளம் கண்டு எழுதினார். 1840களிலேயே கோல்புரூக் என்ற இன்னொரு மருத்துவரின் குறிப்பில் 'மதுரைக் கால்' என்ற பெயர் வந்துவிட்டது. பெல்லாரியில் இருந்த காட்ஃப்ரே 1846ல் லான்செட் இதழில் இதே நோயை விவரித்தார். நோய் மதுரையில் பிறந்தது என்று இதற்குப் பொருள் இல்லை. மதுரையில் இருந்த ஒருவர் கவனித்து எழுதினார், அவ்வளவுதான். சமஸ்கிருதத்தில் 'பாத வல்மீகம்' என்று ஒரு பழைய சொல் உண்டு. காலில் எழுந்த கரையான் புற்று என்று பொருள். அது இந்த நோயாகத்தான் இருக்க வேண்டும் என்று மருத்துவ வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். துளைகளோடு வீங்கிய பாதத்தை ஒரு தடவை பார்த்தவர்களுக்கு அந்த உவமை மறக்காது.

யானைக்கால் வேறு, இது வேறு. யானைக்கால் நோய் கொசு பரப்பும் ஃபைலேரியா புழுவால் வருவது. நிணநீர்க் குழாய்கள் அடைபட்டுக் கால் வீங்குவது. அதில் துளைகளின் வழியே குருணை வராது. குருணை வந்தால் அது மதுரைக் கால். ஒரு வரிதான். அந்த ஒரு வரி தெரியாததால் போன கால்கள் எத்தனையோ.

இப்போது கதை பம்பாய்க்குப் போகிறது. ஹென்றி வாண்டைக் கார்ட்டர் என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். ஆனால் அவர் கை வரைந்த படங்களை உங்கள் வீட்டு மருத்துவர் நிச்சயம் பார்த்திருப்பார். 1858ல் லண்டனில் வெளிவந்த கிரேயின் உடற்கூறியல் நூலில் இருந்த 363 படங்களும் அவர் வரைந்தவை. நூலுக்குப் பெயர் கிரேயின் பெயராகவே நின்றுவிட்டது. விற்பனையில் பங்கும் கார்ட்டருக்குக் கிடைக்கவில்லை. அதே 1858ல் அவர் கப்பலேறி பம்பாய் வந்தார். கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் பேராசிரியர் ஆனார். அங்கேதான் வெட்டி எடுக்கப்பட்ட இந்தக் கால்களைப் பார்த்தார்.

படம் வரைகிறவன் சாதாரணமாகப் பார்க்க மாட்டான். கார்ட்டர் அந்தக் குருணைகளை நுண்ணோக்கியின் கீழ் வைத்தார். கறுப்புக் குருணைகளுக்குள் கிளைவிட்டு, முடிச்சு முடிச்சாகப் பின்னிக் கிடக்கும் இழைகள் தெரிந்தன. இது பூஞ்சை என்று சொன்னார். கிரேக்கத்தில் பூஞ்சைக்கான சொல்லையும் கட்டிக்கான விகுதியையும் சேர்த்து 'மைசெட்டோமா' என்று பெயர் வைத்தார். 1860-61 வாக்கில் நடந்தது இது. இன்றைக்கும் மருத்துவப் பெயர் அதுதான்.

அப்போது அது எவ்வளவு துணிச்சலான கூற்று என்பதை நினைத்துப் பாருங்கள். காசநோய், காலரா, தொழுநோய் எதற்கும் கிருமிதான் காரணம் என்று யாரும் நிறுவியிருக்கவில்லை. கெட்ட காற்று, கெட்ட ரத்தம், பரம்பரை என்று பேசிய காலம். ஆனாலும் கார்ட்டருக்கு முன்னோடிகள் இருந்தார்கள். இத்தாலியில் அகோஸ்டினோ பாஸி என்பவர், பட்டுப்புழுக்களை வெள்ளைப்பொடி பூத்தாற்போலச் சாகடிக்கும் நோய் ஒரு பூஞ்சையால் வருகிறது என்று 1835ல் காட்டியிருந்தார். பாரிஸில் டேவிட் கிரூபி, தலையில் வரும் ஒரு வகைப் படையில் பூஞ்சை இருப்பதை 1841ல் விவரித்தார். நுண்ணுயிரிகளில் நோய்க் காரணமாக மனிதன் முதலில் பிடித்தது பூஞ்சையைத்தான், பாக்டீரியாவை அல்ல. காரணம் எளிது. பூஞ்சை பருமன். அன்றைய நுண்ணோக்கிகளுக்கு அகப்பட்டது.

ஆக, கார்ட்டர் பார்த்தது சரி. அடுத்து என்ன செய்ய வேண்டும்? குருணைக்குள் பூஞ்சை இருக்கிறது என்பது மட்டும் போதாது. செத்த மரத்தில் காளான் முளைக்கிறது. மரத்தைக் கொன்றது காளான் என்று சொல்ல முடியுமா? அந்தப் பூஞ்சையை உடலுக்கு வெளியே தனியாக வளர்த்துக் காட்ட வேண்டும். இங்கேதான் அவருக்குச் சறுக்கியது.

பாதுகாத்து வைத்திருந்த ஒரு திசுவின் மேல் சிவப்பாக ஒரு பூஞ்சணம் பூத்தது. குருணைக்குள் இருந்த உயிர்தான் வெளியே வந்து வளர்கிறது என்று கார்ட்டர் நம்பினார். இங்கிலாந்தில் பூஞ்சை ஆராய்ச்சியில் பெரிய பெயர் பெற்றிருந்த பாதிரியார் பெர்க்லி அதற்குக் கார்ட்டரின் பெயரையே சேர்த்து 'கையோனைஃபீ கார்ட்டரி' என்று பெயர் சூட்டினார். அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழிந்ததற்குப் பூஞ்சைதான் காரணம் என்று வாதாடிய அதே பெர்க்லி. அவரே சொன்ன பிறகு வேறென்ன வேண்டும்?

ஆனால் அந்தச் சிவப்புப் பூஞ்சணம் வழிப்போக்கன். காற்றில் வந்து உட்கார்ந்தது. நம் வீட்டு ஊறுகாய் ஜாடியில் உப்புக் குறைந்தால் வந்து படர்கிறதே, அந்த மாதிரி. கல்கத்தாவில் இருந்த திமோதி லூயிஸும் டக்ளஸ் கன்னிங்ஹாமும் 1875ல் வெளியிட்ட அறிக்கையில், அதுதான் நோய்க்குக் காரணம் என்பதற்குச் சான்று இல்லை என்று எழுதினார்கள். லூயிஸ் லேசுப்பட்ட ஆள் இல்லை. மனித ரத்தத்தில் ஃபைலேரியாவின் நுண்புழுக்களை 1872ல் கண்டுபிடித்தவர். கார்ட்டர் அதற்கு முந்தைய ஆண்டுதான், 1874ல், மைசெட்டோமா பற்றித் தன் பெரிய நூலை வெளியிட்டிருந்தார். பார்த்தது சரியாக இருந்தும், வளர்த்தது தப்பானதால் அவர் சொன்ன எல்லாமே சந்தேகத்துக்கு உள்ளானது.

கார்ட்டரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரே ஒரு உயிரை மட்டும் பிரித்து வளர்க்கும் வழி அப்போது உலகத்தில் யாரிடமும் உருப்படியாக இல்லை. எல்லோரும் இறைச்சிச் சாற்றில்தான் கிருமிகளை வளர்த்தார்கள். ஒரு துளியில் பத்து வகை இருந்தால், சாறு முழுவதும் பத்து வகையும் கலந்து வளரும். எது நோய்க்கிருமி, எது காற்றில் வந்தது என்று எப்படிப் பிரிப்பது?

அதற்கு விடை ஒரு உருளைக்கிழங்கில் இருந்தது. வேகவைத்து வெட்டி வைத்த உருளைக்கிழங்கின் மேல் தனித்தனிப் புள்ளிகளாக, தனித்தனி நிறங்களில் கிருமிகள் வளர்வதை ஜெர்மனியில் ராபர்ட் கோக் கவனித்தார். சாற்றில் நீந்திக் கலக்கிற கிருமி, கெட்டியான பரப்பில் விழுந்தால் விழுந்த இடத்திலேயே பெருகும். ஒரு புள்ளி ஒரு குடும்பம். அந்தப் புள்ளியைத் தொட்டு வேறிடத்தில் வைத்தால் சுத்தமான ஒரே வகை கிடைக்கும். ஆனால் மனித நோய்க்கிருமிகள் பலவும் உருளைக்கிழங்கில் வளர மறுத்தன. அதனால் இறைச்சிச் சாற்றோடு ஜெலட்டின் கலந்து உறைய வைத்தார். 1881ல் லண்டன் மாநாட்டில் அதைச் செய்தும் காட்டினார்.

ஜெலட்டினில் ஒரு தொல்லை. உடல் வெப்பமான 37 டிகிரியில் அது உருகிவிடும். போதாக்குறைக்கு அதையே தின்று தண்ணீராக்கிவிடும் பாக்டீரியாக்களும் உண்டு. கோக்கின் ஆய்வகத்தில் வேலை செய்த வால்தர் ஹெஸ்ஸவுக்குக் கோடையில் தட்டெல்லாம் உருகிப்போய் வெறுத்துவிட்டது. அவர் மனைவி ஃபேனி ஹெஸ்ஸ வீட்டில் செய்யும் ஜெல்லியும் பாயசக்கட்டியும் வெயிலிலும் உருகாமல் நிற்பதைப் பார்த்து எப்படி என்று கேட்டார். அகர் அகர் என்றார் ஃபேனி. ஜாவாவில் வாழ்ந்துவிட்டு வந்த டச்சுக்காரர்களிடமிருந்து அவருக்குத் தெரிந்த சமையல் ரகசியம். நாம் கடல்பாசி, சைனா கிராஸ் என்று சொல்லி நோன்புக் காலத்தில் பாலோடு காய்ச்சி உறைய வைக்கிறோமே, அதேதான்.

அகரைக் கரைக்க ஏறக்குறையக் கொதிநிலை வரை போக வேண்டும். ஆனால் ஒருமுறை உறைந்துவிட்டால் 37 டிகிரியில் அசையாது. பெரும்பாலான பாக்டீரியாக்களால் அதைத் தின்னவும் முடியாது. கண்ணாடி போல உள்ளே பார்க்கலாம். 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் கோக் காசநோய்க் கிருமியை அறிவித்தார். அந்த ஆண்டுக் கட்டுரையில் அகர் பற்றியும் குறிப்பிட்டார். ஹெஸ்ஸ தம்பதியின் பெயரைக் குறிப்பிடவில்லை. கணவரின் கட்டுரைகளுக்குப் படம் வரைந்து கொடுத்தவர் ஃபேனி. கார்ட்டரைப் போலவே அவரும் ஓவியக்கை. இருவருக்கும் ஒரே விதி. 1887ல் அதே ஆய்வகத்தின் ஜூலியஸ் பெட்ரி, மூடி போட்ட வட்டத் தட்டை அறிமுகம் செய்தார். காற்றில் வரும் வழிப்போக்கனைத் தடுக்கும் அந்த மூடி கார்ட்டரிடம் இருந்திருந்தால் என்று நினைத்துக்கொள்வேன்.

பார்ப்பதற்கும் அப்போது புது வழி பிறந்தது. 1884ல் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம், பாக்டீரியாக்களுக்கு ஊதா நிறச் சாயம் ஏற்றி, ஆல்கஹாலால் கழுவிப் பார்க்கும் முறையைச் சொன்னார். சில வகைகள் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும், சில விட்டுவிடும். இன்றும் எந்த ஆய்வகத்திலும் முதல் வேலை இதுதான்.

இப்படி உறைந்த தட்டும் சாயமும் கைக்கு வந்த பத்தே ஆண்டுகளில் மதுரைக் காலின் முடிச்சு அவிழத் தொடங்கியது. மாடுகளின் தாடையில் கட்டி உண்டாக்கும் ஆக்டினோமைசிஸ் என்ற உயிரியோடு இது ஒத்துப்போகிறது என்று கான்தாக் 1893ல் வாதிட்டார். பாய்ஸ் என்பவரும் பம்பாயைச் சேர்ந்த சர்வேயர் என்ற மருத்துவரும் சேர்ந்து 1894ல் லண்டன் ராயல் சொசைட்டியில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மதுரை நோயில் ஒன்றுக்கு மேற்பட்ட பூஞ்சைகள் உண்டு என்பதுதான் அதன் தலைப்பின் சாரம். அதே 1894ல் அல்ஜீரியாவில் பணியாற்றிய பிரெஞ்சு ராணுவ மருத்துவர் வின்சென்ட், வெளிர்க் குருணை உயிரியைச் சுத்தமாக வளர்த்தெடுத்து அதற்கு 'மதுரே' என்று பெயர் வைத்தார். கறுப்புக் குருணையிலிருந்து ஒரு பூஞ்சையை அமெரிக்காவின் பாஸ்டனில் ஜேம்ஸ் ஹோமர் ரைட் 1898ல் வளர்த்துக் காட்டினார். கார்ட்டர் கண்ணால் பார்த்தது உண்மைதான் என்று தெரியவந்தபோது அவர் உயிரோடு இல்லை. முந்தைய ஆண்டு, 1897ல் இறந்துபோயிருந்தார்.

கறுப்புக் குருணைப் பூஞ்சைக்கு லாவரன் 1902ல் ஒரு பெயர் வைத்தார். 1905ல் புரும்ப்ட் அதற்கென்றே ஒரு பேரினத்தை உருவாக்கி 'மதுரெல்லா' என்றார். வின்சென்டின் வெளிர்க் குருணை உயிரிக்கு 1970ல் லெஷெவாலியே தம்பதி 'ஆக்டினோமதுரா' என்ற பேரினத்தைக் கொடுத்தார்கள். உயிரியல் பெயர்ப்பட்டியலில் இரண்டு பேரினங்கள் மதுரையின் பெயரோடு நிற்கின்றன. ஒன்று பூஞ்சை, ஒன்று பாக்டீரியா.

இந்த இரண்டும் வேறு வேறு என்பதுதான் இத்தனை வரலாற்றின் பலன். காலைப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அதே வீக்கம், அதே துளைகள், அதே குருணை. ஆனால் உள்ளே இருப்பவர்கள் வேறு. 1913ல் பினுவா என்ற பிரெஞ்சுக்காரர் மதுரைக் காலை இரண்டு கட்சியாகப் பிரித்தார். ஒன்று உண்மையான பூஞ்சையால் வருவது. மற்றது ஆக்டினோமைசீட்டுகளால் வருவது. இந்த ஆக்டினோமைசீட்டுகள் பூஞ்சை போலவே இழை இழையாகக் கிளைவிடும். அதனால் அவற்றையும் பூஞ்சையோடு சேர்த்தே பல காலம் எண்ணினார்கள். அவை பாக்டீரியா என்பது பிற்பாடு எலக்ட்ரான் நுண்ணோக்கியும் செல்சுவர் வேதியியலும் வந்த பிறகுதான் ஐயமின்றி உறுதியானது.

நுண்ணோக்கியில் இந்த வித்தியாசம் அளவில் தெரியும். பூஞ்சையின் இழை 2 முதல் 5 மைக்ரான் தடிமன். ஆக்டினோமைசீட்டின் இழை 1 மைக்ரான் அல்லது அதற்கும் குறைவு. சணலுக்கும் தையல் நூலுக்கும் உள்ள வித்தியாசம். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த ஓரிரு மைக்ரான்தான் ஒருவனின் கால் நிற்பதையும் போவதையும் முடிவு செய்கிறது. ஏனென்றால் பாக்டீரியா வகைக்கு ஆன்டிபயாட்டிக் வேலை செய்யும். கோட்ரைமாக்சசோல், அமிக்காசின் போன்றவற்றை மாதக்கணக்கில் கொடுத்துக் குணமாக்கலாம். பூஞ்சை வகைக்கு அவை தண்ணீர் மாதிரி. அதற்கு இட்ரகோனசோல் போன்ற பூஞ்சை மருந்து வேண்டும், அறுவையும் வேண்டியிருக்கும், அப்படியும் திரும்ப வரும்.

கறுப்புக் குருணை என்றால் பூஞ்சை. சிவப்பு என்றால் பாக்டீரியா. வெள்ளையோ மஞ்சளோ என்றால் கண்ணால் சொல்ல முடியாது. இரண்டில் எதுவாகவும் இருக்கலாம்.

என் மாமாவின் குருணை வெள்ளை.

பாட்டி கசகசா என்று சொன்னது என் காதில் இன்னும் இருக்கிறது. எழுபதுகளிலேயே பாக்டீரியா வகையை மருந்தால் குணமாக்கிய அனுபவங்களை சூடானிலிருந்து மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஸ்ட்ரெப்டோமைசினும் கோட்ரைமாக்சசோலும் அப்போதே இருந்த மருந்துகள்தான். மாமாவுக்கு வந்தது பாக்டீரியா வகையாக இருந்தால், அந்தக் கால் தப்பியிருக்கலாம். பூஞ்சை வகையாக இருந்தால், எடுத்ததைத் தவிர வேறு வழி இல்லாமலும் இருந்திருக்கலாம். எது என்று இனி யாரும் சொல்ல முடியாது. வெட்டிய காலோடு அந்த விடையும் போய்விட்டது. மாமா இருபது வருடம் கட்டைக்காலோடு ஆடு மேய்த்தார்.

போன வருடம் என் பழைய மாணவி ஒருத்தியைப் பார்க்கப் போயிருந்தேன். நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை செய்கிறாள். "வாங்க சார், உங்களுக்கு ஒண்ணு காட்டுறேன்" என்று நுண்ணோக்கி முன்னால் உட்கார வைத்தாள். பழுப்பு நிறத்தில், ஒன்றோடொன்று பின்னிய தடித்த இழைகள். கறுப்புக் குருணை ஒன்றைக் கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவில் நசுக்கிப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு வைத்திருந்தாள். 160 வருடத்துக்கு முன் பம்பாயில் கார்ட்டர் பார்த்ததும் இதைத்தான்.

வளர்ப்பு எப்படி என்று கேட்டேன். குருணையை மேல்தோலில் இருந்து எடுக்கக் கூடாதாம். ஆழமான திசுவிலிருந்து எடுத்து, உப்புநீரில் பல தடவை கழுவி, அதன் பிறகே தட்டில் வைக்க வேண்டுமாம். பூஞ்சைக்கென்று சபூரோ அகர். பாரிஸில் இருந்த தோல் மருத்துவர் ரேமண்ட் சபூரோ வகுத்த கலவை. சர்க்கரையும் பெப்டோனும் சேர்த்துச் சற்றே புளிப்பாக இருக்கும். பாக்டீரியாவுக்கு அது அவ்வளவாகப் பிடிக்காது. ஒரு தட்டில் ஆன்டிபயாட்டிக் கலப்பார்கள், பாக்டீரியா வராமல் பூஞ்சை மட்டும் வளர. இன்னொன்றில் கலக்க மாட்டார்கள், ஆக்டினோமைசீட் இருந்தால் அதுவும் வளர வேண்டுமே.

"நாலு வாரம், ஆறு வாரம் வரைக்கும் பொறுக்கணும் சார். நடுவுல காத்துல வந்த பூஞ்சணம் ஒண்ணு உக்காந்துட்டா அத்தனையும் போச்சு. அதையே நோய்க்கிருமின்னு நெனச்சு ரிப்போர்ட் குடுத்துட்டா இன்னும் மோசம்" என்றாள்.

எனக்குக் கார்ட்டரின் சிவப்புப் பூஞ்சணம் ஞாபகம் வந்தது. சொன்னேன். "இதெல்லாம் நீங்க க்ளாஸ்ல சொல்லவே இல்லையே சார்" என்று சிரித்தாள். உண்மைதான். சொல்லவில்லை. எனக்கே தெரியாது. கோக்கின் விதிகளை அவளுக்கு நான்தான் நடத்தினேன். நோயுற்ற உடலில் அந்தக் கிருமி இருக்க வேண்டும். அதைத் தனியே பிரித்துச் சுத்தமாக வளர்க்க வேண்டும். வளர்த்ததை நலமான உயிரில் செலுத்தினால் அதே நோய் வர வேண்டும். அதிலிருந்து அதே கிருமியை மீண்டும் பிரிக்க வேண்டும். எங்கோ ஜெர்மனியில் யாரோ சொன்ன நான்கு வரிகள் என்று நடத்தினேன். 'பார்ப்பது மட்டும் போதாது, வளர்த்துப் பார். வளர்த்தது மட்டும் போதாது, நீ பார்த்தது அதுதானா என்று திரும்பப் பார்' என்று ஒரு வரியில் சொல்லி, மதுரைக் காலை உதாரணமாகக் காட்டியிருந்தால் பிள்ளைகளுக்கு மறந்திருக்காது. மதுரைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு அதைச் செய்யாமல் விட்டேன்.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். பாம்பன், மண்டபம் பக்கம் பெண்கள் கண்ணாடி கட்டிக்கொண்டு கடலில் மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள். அதில் மரிக்கொழுந்துப் பாசி என்று ஒரு வகை. அகர் எடுக்க உகந்தது. அதைக் காய்ச்சி அகர் ஆக்கும் ஆலைகள் மதுரையிலேயே உண்டு. நோய்க்குப் பெயர் கொடுத்த ஊர், நோய்க்கிருமியை உறைய வைத்துப் பிடிக்க உதவிய பொருளையும் காய்ச்சுகிறது.

உலக சுகாதார நிறுவனம் இந்த நோயைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது 2016ல்தான். கில் எழுதி 174 ஆண்டுகள் கழித்து. வருவது யாருக்கு என்று பாருங்கள். வெறுங்காலோடு வேலை செய்கிறவர்களுக்கு. விவசாயிக்கு, ஆடு மேய்ப்பவருக்கு, விறகு சுமப்பவருக்கு. சூடானில்தான் மிக அதிகம். கார்ட்டூமில் 1991ல் தொடங்கிய மைசெட்டோமா ஆய்வு மையம் உலகத்துக்கே வழிகாட்டியாக இருந்தது. 2023ல் மூண்ட உள்நாட்டுப் போரில் அது நாசமாகிவிட்டது. நாற்பது ஆண்டுகளாகச் சேர்த்த மாதிரிகள் அழிந்தன. வெட்டிய காலோடு விடை போவது ஒரு வீட்டின் இழப்பு. இது எத்தனை ஆயிரம் வீடுகளின் இழப்பு என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நான் மருத்துவன் இல்லை. மருந்து சொல்ல இதை எழுதவில்லை. மூன்று விஷயம் மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

காட்டுக்குப் போகிறவர்கள் செருப்பு, முடிந்தால் பூட்ஸ் போடுங்கள். கருவேல முள்ளோடும் மண்ணோடும்தான் இந்தக் கிருமி காலுக்குள் போகிறது.

பாதத்தில் வலியில்லாத கட்டி வந்தால், வலி இல்லை என்பதற்காக விட்டுவிடாதீர்கள். ஆரம்பத்தில் போனால் கால் தப்பும்.

துளையிலிருந்து குருணை வந்தால், கறுப்போ சிவப்போ வெள்ளையோ, மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். "இது எந்த வகை, பாக்டீரியாவா பூஞ்சையா? கல்ச்சர் பார்த்தாச்சா?" என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை. ஆறு வாரம் ஆகும் என்றால் பொறுத்திருங்கள். அந்த ஆறு வாரத்துக்குப் பின்னால் 180 ஆண்டுகள் இருக்கின்றன.

எங்கள் வீட்டில் 1978ல் அந்தக் கேள்வியைக் கேட்க ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கு அப்போது வயது பதினைந்து.

ஊரில் யாருக்காவது பயன்படும் என்று தோன்றினால் பகிருங்கள்.